மூன்று பேர் ஜோடி

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பயம் பிறவிக் குணம். கேஸை அணைத்தோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வருவாள். "வீட்டையே முதுகுல கட்டிக்கிட்டுப் போயிடேன்" என்பான் கணவன்.

வகுப்பில் ஜோடிகள் உண்டானதும் அந்தப் பயத்தால்தான். எலியும் பூனையுமாக இருந்த முப்பது பேரையும் இரண்டிரண்டு பேராகச் சேர்த்தாள். தண்ணீர் குடிக்கப் போனாலும் படியிறங்கினாலும் ஜோடி வராமல் நகரக்கூடாது. இரண்டே மாதத்தில், பென்சில் மறந்தவனுக்குத் தன்னுடையதை ஒடித்துக் கொடுக்கும் அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள்.

அன்று காலை முப்பத்தொன்றாவதாக ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். ஒட்டிய ஜோடியைப் பிரிக்க டீச்சருக்கு மனம் வரவில்லை. குட்டி போலீஸ், வாயாடி என்று வகுப்பே கூப்பிடும் இரண்டு பெண்களோடு அவளைச் சேர்த்தாள்.

"இவங்க வந்து கூப்பிடுவாங்க கண்ணு. அதுவரைக்கும் இடத்தை விட்டு எழுந்திரிக்கக் கூடாது."

பதினொரு மணி இருக்கும். எச்சரிக்கை மணி விடாமல் அலறியது. கீழே மின்பெட்டி அறையிலிருந்து கரும்புகை. பிள்ளைகள் படியில் விழுந்துவிடாமல் இருக்க டீச்சர் முன்னால் இறங்கினாள்.

மைதானத்தில் எண்ணினாள். முப்பது. மறுபடி எண்ணினாள். முப்பதுதான்.

"புதுப் பொண்ணு எங்கடி?"

"இவ கூட்டிட்டு வருவான்னு நினைச்சேன் டீச்சர்" என்றாள் குட்டி போலீஸ்.

"இவதான் அவ கையைப் பிடிச்சிருப்பான்னு நான்..." என்று இழுத்தாள் வாயாடி.

டீச்சர் மாடியை நிமிர்ந்து பார்த்தாள். நான்காம் வகுப்பு டீச்சரிடம், "என் பிள்ளைங்களப் பாத்துக்குங்க" என்று கத்திவிட்டு ஓடினாள்.

"மேல போகாதீங்கம்மா!" காவலாளியின் குரல் பின்னால் தேய்ந்தது.

படியெல்லாம் புகை. கண் எரிந்தது. சுவரைத் தடவித் தடவி ஏறினாள். வகுப்புக் கதவு சாத்தியிருந்தது. அதைத் திறக்கத்தான் கை வரவில்லை.

தள்ளினாள். மூன்றாவது பெஞ்சில், பையை மடியில் வைத்து, சட்டைக் காலரை மூக்குவரை இழுத்துவிட்டு, சிறுமி உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா வரல?"

"யாரும் கூப்பிடல."

அவளைத் தூக்கிக்கொண்டு எப்படி இறங்கினாள் என்பது டீச்சருக்கே தெரியாது. கருகியது ஒரு வயர்தான். பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் சிறுமியின் அம்மாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். "தப்பு என்னோடதுங்க."

"அப்ப நாளைக்கு யாரை நம்பி அனுப்புறது?"

அந்தப் பிள்ளை இனி வரமாட்டாள் என்றே டீச்சர் நினைத்தாள்.

மறுநாள் காலை தாயும் மகளும் வகுப்பு வாசலில் நின்றார்கள். குட்டி போலீஸும் வாயாடியும் ஓடிவந்து கை நீட்டினார்கள். சிறுமி அம்மாவின் விரலை விடவில்லை. டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பயமா இருந்தா, யாரும் கூப்பிடாட்டியும் எழுந்து வரலாமா?"

டீச்சர் அவள் உயரத்துக்குக் குனிந்தாள்.

"வரலாம். ஓடியே வரலாம்."

"திட்ட மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்டா."

சிறுமி சற்று யோசித்தாள். அம்மாவின் விரலை விட்டாள். நீட்டிய கைகளில் எதையும் பிடிக்காமல், தானாகவே உள்ளே நடந்தாள். மற்ற இருவரும் ஓரடி தள்ளிப் பின்னால் போனார்கள்.