கிணற்றில் கிடைத்த நிலக்கரி

யுத்தம் முடிந்த அந்த வருசம், உம்மாவின் தம்பியான எங்கள் மாமா கிணறு வெட்டப் போய் நிலக்கரி கண்டுபிடித்தார். அவர் அப்படித்தான் சொன்னார். உம்மாவுக்கு வேண்டியிருந்தது தண்ணீர்.

சுனாமி எங்களைச் சாய்ந்தமருதுக் கடற்கரையிலிருந்து கிளப்பிச் சில வருசம் கொட்டிலில் வைத்திருந்தது. பிறகு வயலோரத்தில், சதுப்பை மண்போட்டு நிரப்பிய இடத்தில் வீடு கிடைத்தது. வீடு இருந்தது, கிணறு இல்லை. தண்ணீர் வண்டியான பவுசர் வராத நாளெல்லாம் பள்ளிவாசல் குழாயிலிருந்து கேனில் தண்ணீர் சுமப்பது பத்து வயதுப் பெண்ணான என் தலையில் விழுந்தது. மாமா மண்வெட்டியோடு இறங்கியபோது என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை.

ஆளுயரம் தோண்டியதும் கறுத்த மண் வந்தது, உக்கிப்போன வேர்களோடு. ஒரு கட்டியைக் காயவைத்து அடுப்பில் போட்டார். புகைந்து புகைந்து, கொஞ்சம் கனன்றது. அன்றிலிருந்து கிணறு ஆழமாவதை விட்டு அகலமாகத் தொடங்கியது. மேற்குக் கரையில் நிலக்கரியால் மின்சாரம் எடுக்கப் போகிறார்களாம். கரி முழுக்க வெளிநாட்டிலிருந்தாம். கப்பல் வராவிட்டால் நாடே இருட்டாம்.

"நம்மட காலுக்குக் கீழ கிடக்கிறத்த விட்டுப்போட்டு ஏன் ராத்தா மத்தவன்ட கைய பாக்கணும்?" என்று உம்மாவிடம் கேட்டார் மாமா.

குடிக்கிற தண்ணிக்கே பள்ளிவாசலின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், முதலில் அதற்கு வழி பார் என்றாள் உம்மா. அவர் காதில் அது ஏறவில்லை. வளவெல்லாம் கரிக்கட்டி காய்ந்தது. கொடியில் போட்ட உடுப்பெல்லாம் கறுத்தது. நிலக்கரி கிடைத்ததென்று மந்திரிக்கு எழுதிய கடிதத்தை அழகான எழுத்தில் என்னைக்கொண்டு மூன்று தரம் எழுதுவித்தார். எரிச்சல் தாங்காமல் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் சேரைக் கூட்டிவந்தேன். அவர் மண்ணை நசுக்கிப் பார்த்து, இது சதுப்பில் உக்கிய செடிகொடி, கரியாக இன்னும் இலட்சக்கணக்கான வருசம் வேண்டும் என்றார்.

"அப்ப ஆகத் தொடங்கிட்டுதானே, சேர்," என்றார் மாமா.

அடுத்த கிழமை மழை பெய்தது. மழையிலும் குழிக்குள் நின்று வெட்டிக்கொண்டிருந்தவர்மேல் பக்கச்சுவர் சரிந்து நெஞ்சுவரை மூடியது. வாப்பாவும் அயலவர்களும் கயிறு கட்டி இழுத்தெடுத்தார்கள். மாமா சேறு வழியக் குசினி வாசலில் குந்தியிருந்தார்.

சுனாமி அலை மாமியைக் கொண்டுபோன நாளிலிருந்து, மீனவரான மாமா கடலுக்குப் போனதில்லை. யாராவது கேட்டால், கடலில் மீன்பிடிக்க யுத்தத் தடை இருக்கே என்பார். யுத்தம் முடிந்து அந்தத் தடையை எடுத்திருந்தார்கள்.

"மச்சான், இப்ப கடல் தொறந்துதானே கிடக்கு," என்றார் வாப்பா. "பேசாம தோணிக்குப் போனா என்ன?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தக் கதைய விடுங்க," என்றாள் உம்மா.

இத்தனை நாளும் மாமாவைத் திட்டித் தீர்த்தவள், நான் சுமந்து வந்த இரண்டு கேன் தண்ணீரையும் அவர் தலையில் மெதுவாக ஊற்றிச் சேற்றைக் கழுவிவிட்டாள். பிறகு என்னை மறுபடி குழாயடிக்கு அனுப்பினாள். ஒருநாளும் தண்ணீர் தூக்காத வாப்பா, ஒரு கேனை வாங்கிக்கொண்டு கூட வந்தார். வழி நெடுக நான் மாமாவைத் திட்டிக்கொண்டே போனேன். கடல் திறந்த அதே மாதத்தில் மாமாவுக்கு ஏன் நிலக்கரி கிடைத்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.