படத்திலிருந்து நான் வெட்டிய வள்ளி

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு சித்தப்பா, ஹார்மோனியக்காரர் என எல்லோரும் வந்திருந்தார்கள். வள்ளி திருமண நாடக மேடைகளில் அப்பா பபூனாகச் சிரிக்க வைக்க, இருபது வருடம் கூடவே வள்ளியாக நடித்த நடிகை மட்டும் இல்லை. நான்தான் சொல்லி அனுப்பவில்லை.

வீட்டில் எங்களிடம் சிரிக்காத மனுஷன், குன்றக்குடி நாடகத்தில் எடுத்த படத்தில் அந்த அம்மாவைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பார். அது எனக்குத் தாங்காது. அஞ்சலி பிளக்ஸுக்கு அந்தப் படத்தைக் கொடுக்கும்போது, கம்ப்யூட்டரில் நானே அந்த அம்மாவை வெட்டி எடுத்துவிட்டேன். வீட்டில் படித்தவன் நான் ஒருத்தன்தான், கேட்க ஆளில்லை.

மத்தியானம் அந்த அம்மா தானாகவே வந்தார். பிளக்ஸை அண்ணாந்து பார்த்தார்.

"ஆள வெட்டிட்டு, வளையல் போட்ட கைய மட்டும் உங்கப்பா தோள்ல விட்டுட்டீகளே தம்பி! பேய் பிடிச்சாப்ல இருக்காரு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அன்னைக்கு எதுக்குச் சிரிச்சாருன்னு தெரியுமா? பபூன் கதைக்கு வெளிய என்ன வேணாலும் பேசலாம்ல? மேடையிலயே உங்க பிளஸ் டூ மார்க்கச் சொன்னாரு. 'இம்புட்டு மார்க்கா! உம்ம மகன்தானாய்யா?'ன்னு கேட்டேன். அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு."

அது எனக்காகச் சிரித்த சிரிப்புதான். ஆனால் அதைப் பக்கத்தில் நின்று காதால் கேட்டது அந்த அம்மா. அந்தப் பொறாமை இன்றும் எனக்குப் போகவில்லை. அன்று சாயங்காலமே காரைக்குடிக்குப் போய், இருவரும் இருக்கிற முழுப் படத்தையும் போட்டு வேறு பிளக்ஸ் அடித்து வந்தேன். எழுநூற்று ஐம்பது ரூபாய் ஆனது.