நஸீரின் குச்சியும் நமது நோன்பும்

வாயில் ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டிருந்தால் நோன்பு முறியுமா?

இந்த நோன்பு தொடங்கியதிலிருந்து நம்மூரில் இதுதான் பேச்சு. மாலையில் அஸர் தொழுதுவிட்டு, பள்ளிவாசலில் கஞ்சிக்குக் காத்திருக்கிற நேரம் இருக்கிறதே... அந்த நேரத்தில் நமக்குத் தெரியாத சட்டம் உலகத்திலேயே கிடையாது!

விஷயம் இதுதான். கல்முனைக் கடைத்தெருவில் ஒரு ஹாஜியார், சவூதியிலிருந்து கொண்டுவந்த கொம்பியூட்டரை மாடியறையில் வைத்திருக்கிறார். திரைச்சீலை, ஏசி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம் — பெண் வீட்டில் புது மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாது. அதில் டியூஷன் நடத்தும் டியூட்டரிகளுக்கு ஆங்கில நோட்ஸ் அடித்துக் கொடுப்பவர் நஸீர்.

சின்ன வயதில் வந்த போலியோ நஸீரின் இரண்டு கைகளையும் முடக்கிவிட்டது. பேனையை வாயில் கவ்வி எழுதியே ஆங்கிலம் படித்தவர். டைப்ரைட்டரையும் முயன்று பார்த்திருக்கிறார். அந்தக் கட்டைகளை இடித்து இடித்துப் பல்வலி வந்ததுதான் மிச்சம். கொம்பியூட்டர் அப்படியல்ல. தொட்டால் போதும், எழுத்து விழுகிறது. பிழை விட்டால் இன்னொரு தட்டு, அழிந்துவிடும். இதற்கென்று அவர் செய்வித்த கருவி ஒரு மெல்லிய குச்சி. கவ்வும் பக்கம் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும், தட்டும் பக்கம் பென்சில் றப்பர்.

முப்பது வயதில் முதல் சம்பளம். அதைச் சட்டைப் பையில் வைத்துவிடச் சொல்லி, வீடுவரை நடந்துபோய், உம்மா எடுத்துக்கொள்ளட்டும் என்று அவருக்கு முன்னால் குனிந்து நின்றாராம். இதை அவர் என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நோன்பு வந்தது. ஹாஜியாருக்கு மனம் கேட்கவில்லை. குச்சியைக் கவ்விக் கவ்வி இந்தப் பிள்ளை நோன்பை முறித்துக்கொள்ளப் போகிறதே என்று, இந்த மாதம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நல்ல மனதோடுதான்! நஸீருக்குப் பதிலாகத் தன் தங்கையின் மகனை உட்காரவைத்தார். ஏசி அறை, சுழல் கதிரை... அதில் ஒரு மருமகன் உட்கார்ந்தால் லேசில் எழும்புவாரா? பெருநாள் முடிந்து வந்தால் நஸீருக்கு அந்த இடம் மிஞ்சுமா?

இதை யாரும் கேட்கவில்லை. கஞ்சிக்குக் காத்திருந்தவர்கள் கேட்டது வேறு. உமிழ்நீர் ஊறுமே? டியூப்புக்கு ருசி உண்டா, இல்லையா? ஒரு புடவைக்கடை முதலாளி மிஸ்வாக் பல்குச்சியை உதாரணம் காட்டினார்: நோன்பாளி நண்பகல் லுஹர் வரைக்கும் பல் துலக்கலாம், அதற்குப் பிறகு மக்ரூஹ், விரும்பத்தகாதது. ஆகவே நஸீரும் லுஹர் வரைக்கும் தட்டலாம். அரைநாள் வேலை! நானும் இந்தக் கட்சியில் கொஞ்சம், அந்தக் கட்சியில் கொஞ்சமாக இருந்தேன்.

ஒருநாள் நான் ஹாஜியாரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது நஸீர் மாடிப்படி ஏறி வந்தார். தலையைச் சுற்றி, மருதமுனைச் சாரன் துணியில் தைத்த ஒரு பட்டி. நெற்றியில் அதே குச்சி நீட்டிக்கொண்டிருந்தது.

"மௌலவிட்ட நோம்புக்கு முந்தியே கேட்டுட்டன் ஹாஜியார். தொண்டைக்குள்ள ஒண்டும் போகாட்டி முறியாதெண்டு சென்னார்."

"அப்ப இது என்னத்துக்கு?" ஹாஜியார் நெற்றியைக் காட்டினார்.

"இது எனக்கில்ல. ஒங்கட மனசுக்கு."

ஊர் கேள்வியைக் கண்டுபிடிக்கும் முன்பே இவர் விடையை வாங்கி வைத்திருக்கிறார்! என்ன, இவரிடம் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஹாஜியார் கண்ணைக் காட்ட, மருமகன் மனமில்லாமல் எழும்பினார்.

ஆனால், வாயில் குச்சி இருந்தால் தாடையைத் திருப்பினால் போதும். நெற்றியில் இருந்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் கழுத்து முழுவதும் வளைய வேண்டும். வேலை ஆமையாய் நகர்ந்தது. பரீட்சையோ நெருங்குகிறது. டியூட்டரி மாஸ்டர் காலையிலும் வருகிறார், மாலையிலும் வருகிறார். வேறு இடம் பார்க்கவா என்றும் கேட்டுவிட்டார். மருமகன் அடித்தாலோ பிழைகள்தான் மிஞ்சும். ஹாஜியார் திரைச்சீலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார்.

கடைசியில், நான் பார்த்துக்கொண்டிருக்க, அவரே உள்ளே போனார். பட்டியைத் தன் கையாலேயே கழற்றினார். குச்சியைச் சட்டைப்பை லேஞ்சியால் துடைத்து நஸீரின் வாயருகே நீட்டினார்.

"மௌலவி முறியாதெண்டுதானே சென்ன, தம்பி. கவ்வுங்க."

நஸீர் கவ்விக்கொண்டார். கண் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது. மருமகன் இப்போது கீழே கடையில் நிற்கிறார். அந்தக் கதிரை இனி நஸீருக்குத்தான்.

அவசரம் என்று வந்துவிட்டால், நமக்கெல்லாம் மார்க்கம் எவ்வளவு சீக்கிரம் விளங்கிவிடுகிறது!