இறுக்கிக் கட்டிய கயிறு

அந்தமானில் ஒரு படகு ஜெட்டியில் மூக்கால் தொங்கியது. கட்டியவன் நான்.

எனக்கு ஊர் கோபிநத்தம். காவிரியில் பரிசல் தள்ளினவன். தண்ணீர் தெரியும் என்று சொல்லித்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். வெளியூர் ஆட்களைப் பாரை மீன் பிடிக்கக் கூட்டிப் போகும் படகு. ஓட்டுவது முருகேசன் அண்ணன்.

அந்த வாரம் வந்தவர் மைசூர்க்காரர். என் பேச்சைக் கேட்டதும், "கொள்ளேகால் பக்கமா? அய்யோ, நம்மவரு ரீ!" என்று கன்னடம் கலந்து சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பாரைகூடச் சிக்கவில்லை அவருக்கு. அன்று கடைசி நாள்.

"விடுங்க சார். இன்னிக்குப் பௌர்ணமி. மத்தியானம் கடல் வேகமா வத்தும். பவளப்பாறை மேல இருக்கிற சின்ன மீனெல்லாம் விளிம்புல வழிஞ்சு வரும். பாரை அங்கதான் வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும். நுரையில பாப்பரை, அந்த மிதக்கிற பொய்மீனை, வீசி வெடுக்கு வெடுக்குன்னு இழுங்க," என்றார் அண்ணன்.

முதலில் சாப்பிட்டுவிடலாம் என்று ஜெட்டிக்கு வந்தோம். கடல் முட்ட நிறைந்திருந்தது. ஆற்றில் கயிறு தளர்ந்தால் இழுப்பு பரிசலைக் கொண்டுபோய்விடும். அதே கையோடு முன்னும் பின்னும் இறுக்கிக் கட்டினேன்.

சாப்பிட்டு, மத்தியானம்வரை படுத்து எழுந்து திரும்பி வந்தபோது தண்ணீர் ஆள் உயரம் இறங்கியிருந்தது. பின்கயிறு அறுந்து, படகு முன்கயிற்றில் தொங்கியது; இன்ஜின் கடலுக்குள். மைசூர்க்காரருடைய தூண்டில்கோலும் போயிருந்தது.

"உரிச்ச ஆட்டை மாட்டின மாதிரி மாட்டிருக்கான் பாரு!" என்று ஜெட்டியே சிரித்தது.

"டேய் பரிசல்! கடல் வத்தும்னு காலைலதானடா சார்கிட்ட சொன்னேன்? காதுல என்ன வச்சிருந்த?"

"கேட்டனுங்ணா," என்றேன். மீனுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். கயிற்றுக்கும் அதுதான் என்று தோன்றவில்லை.

மைசூர்க்காரர் திட்டவில்லை. "பரவாயில்ல ரீ," என்று ஜெட்டியில் உட்கார்ந்தார். தூரத்தில் பாறை விளிம்பில் நுரை எழுந்தது. பொழுது சாயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் படகுத் தண்ணீரை இறைத்தேன். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது மைசூரில் ஏரிப் படகுத் துறையில் வேலை. கயிற்றைத் தாராளமாக விட்டுத்தான் கட்டுவேன். "ஏன் மாமா, இந்தக் கெரெத் தண்ணி எங்க இறங்கப் போகுது?" என்று கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள்.

போன மாதம் அந்த மைசூர்க்காரர் பேத்தியோடு வந்தார். என்னைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார்.

"இப்ப சரியா விட்டிருக்கீங்க ரீ," என்றார்.

குழந்தையைக் கை கொடுத்து ஏற்றினேன். அப்போதும் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தீவு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மீனுக்குச் சொல்வதைக் கயிற்றுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.