யானைக்கால் செடிக்கு ஊற்றிய தண்ணீர்

1964ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணி இருக்கும். செஞ்சிக் கடைத்தெருவில் தன் பாத்திரக்கடையில் உட்கார்ந்து, ஒரு பித்தளைத் தவலையைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தாள் ஞானம்பாள். திண்டிவனம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவன் தகரப்பெட்டியும் கையுமாகக் கடைவாசலில் வந்து நின்றான். வெயிலுக்குக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். ரெண்டு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பதினோரு வருஷம் ஆன அவள் புருஷன் தேவநாதன்.

தவலை வாங்க வந்த பனமலைக்காரி, "யாரும்மா அது?" என்றாள்.

"எங்க வூட்டுக்காரரு. நீ எடையப் பாரு."

தவலையை விற்று முடித்த பிறகுதான் ஞானம்பாள் எழுந்தாள். அவள் சுபாவம் அப்படி. அவலூர்பேட்டையில் தானிய வியாபாரம் செய்த வீட்டில் பிறந்தவள். பதினெட்டு வயதில் செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கல்யாணமாகி ரெண்டாம் வருஷம் தேவநாதன் பம்பாய்க்குப் போய், அங்கிருந்து ஒரு குஜராத்திக்காரரோடு கப்பலேறி, ஆப்பிரிக்காப் பக்கம் சான்சிபார் தீவில் அவருடைய கடைக்குக் கணக்குப்பிள்ளை ஆனான். அவன் போன நாலாம் வருஷம் மாமனார் சொக்கலிங்கம் செட்டியாருக்குப் பக்கவாதம் வந்தது. கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஞானம்பாள் போய்க் கல்லாவில் உட்கார்ந்தாள். பொம்பளை கடையில் உட்கார்ந்தால் எவன் வருவான் என்று எதிர்க்கடைக்காரர் அவள் காதுபடவே கேட்டார். "வராதவன் மண்சட்டியில ஆக்கித் தின்னட்டும்" என்று இவளும் அவர் காதுபடவே சொன்னாள். மாமனாருக்கு மலஜலம் எடுத்தாள். அவர் செத்தபோது பிள்ளை கப்பலில்கூட ஏறவில்லை. தந்தி மட்டும் வந்தது. அவளுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. "புருஷன் கடல் தாண்டி இருந்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை, பிள்ளை இல்லை என்று பேசத்தான் வாய் இருந்தது.

அப்படிப்பட்டவள் முன்னால், அன்று சாயங்காலம், தேவநாதன் தகரப்பெட்டியைத் திறந்தான். சான்சிபாரில் பெரிய கலகமாம், கடையெல்லாம் சூறையாடிவிட்டார்களாம், உயிர் பிழைத்ததே பெரிதாம். பெட்டிக்குள் நாலு சட்டை, ஒரு கம்பளி, பழைய செய்தித்தாளில் சுற்றிய ரெண்டு கட்டைகள். சேனைக்கிழங்குக்குக் கிளை முளைத்த மாதிரி இருந்தன. அடி பெருத்து, சாம்பல் தோல் சுருங்கி, உச்சியில் விரல் விரலாக நாலைந்து மொட்டைக் கொம்புகள்.

"இன்னா இது?"

"பூச்செடி. அந்த ஊர் செடி. நம்ம ஊர் வெயிலுக்கு நல்லா வரும்" என்றான். பெட்டி திறந்ததிலிருந்து அப்போதுதான் அவன் முகம் தெளிந்தது.

மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டான். வராகநதியிலிருந்து கூடை மணல் கொண்டுவந்து சலித்தான். செங்கல்லை உடைத்து, அடுப்புக்கரியைத் தூளாக்கி, மக்கிய எரு ஒரு பிடி மட்டும் சேர்த்தான். அடியில் ஓட்டை போட்ட ரெண்டு மண்தொட்டிகளில் கட்டைகளை நட்டு, மொட்டைமாடியில், ராஜகிரி மலை தெரிகிற பக்கமாக, நிழலே விழாத இடத்தில் வைத்தான். ஒரு வாரம் சொட்டுத் தண்ணீர் விடவில்லை. பிறகும், விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, முழுக்கக் காய்ந்திருந்தால்தான் ஒரு சொம்பு. மழைக்காலம் வந்தால் தொட்டிகளைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிப் படிக்கட்டுக் கூரைக்கு அடியில் வைப்பான். மார்கழி, தையில் இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கும். அந்த ரெண்டு மாதம் தண்ணீரே கிடையாது. மாவுப்பூச்சி பிடித்தால் வேப்பெண்ணெய் தொட்டு, பழந்துணியால் ஒவ்வொரு கணுவாகத் துடைப்பான். ஒடித்தால் வருகிற பால் விஷம் என்று சொல்லி, ஒவ்வொரு தடவையும் கையைச் சாம்பல் போட்டுக் கழுவுவான்.

அடுத்த பங்குனியில் பூத்தது. இலையே இல்லாத கொம்புகளில் கொத்துக் கொத்தாகப் பூ. ஓரமெல்லாம் ரத்தச் சிவப்பு, உள்ளே போகப் போக வெளுத்து, தொண்டையில் மஞ்சள். தெருவே ஏறி வந்து பார்த்தது. அடி பெருத்திருந்ததால் யானைக்கால் செடி என்று அவர்களே பேர் வைத்துவிட்டார்கள்.

ஞானம்பாளுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. பூவின் மேல் அவளுக்கு என்ன விரோதம்? கடைக்கு வந்தால் மூலையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவான், வீட்டுக்கு வந்தால் மாடிக்குப் போவான். இந்தப் பதினோரு வருஷம் எப்படி இருந்தாய் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவன் கேட்கவில்லை. அவளோடு தானாகப் பேசிய பேச்சு அநேகமாக ஒன்றுதான்: "செடிக்குத் தண்ணி ஊத்திடாதே."

1966 கார்த்திகை கடைசியில் சுந்தரமூர்த்தி வந்தார். மேல்சித்தாமூர்ப் பக்கத்துக்காரர், சான்சிபார் துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். தேவநாதன் வெளியே போயிருந்தான். மாடியில் காற்றாட உட்காரச் சொல்லி ஞானம்பாள் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். தொட்டிகளைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அடடே! இது மரியாமு வூட்டு வாசல்ல இருந்ததாச்சே! கட்டையில இருக்கற இந்தத் தழும்பு எனக்குத் தெரியும். புள்ளை சொம்பு சொம்பா தண்ணி கொணாந்து ஊத்தும். ஊத்தாதே, அழுவிடும்னு அவங்க அம்மா வெரட்டும். தேவநாதன் நடுவுல நின்னு சிரிச்சிக்கினு..."

அங்கே நிறுத்தினார். யாரிடம் சொல்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது.

"சொல்லுங்கண்ணா" என்றாள் ஞானம்பாள். "புள்ளைக்கு இன்னா பேரு?"

அவர் காப்பியைக் கீழே வைத்தார். "அம்மா, நான் இன்னாத்தையோ..."

"பேரு இன்னான்னு கேட்டேன்."

"ஜைனாபு" என்றார் மெதுவாக. "அஞ்சு வயசு இருக்கும், கலகத்தப்போ." பாதிக் காப்பியை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஞானம்பாள் அழவில்லை. தேவநாதன் வந்தபோது சுந்தரமூர்த்தி வந்ததையும் சொல்லவில்லை. மறுநாள் காலை அவன் கடை திறக்கப் போன பின் மாடிக்கு ஏறினாள். ஏரிக் களிமண் ஒரு உருண்டை கொண்டுபோயிருந்தாள். தொட்டிகளைச் சாய்த்து அடி ஓட்டைகளைக் களிமண்ணால் அழுத்தி அடைத்தாள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ரெண்டு சொம்பு தண்ணீர். மேலே காய்ந்த மணலைத் தூவி ஈரத்தை மறைத்தாள். தினமும் இதே வேலை. மார்கழியில் தண்ணீர் விடுவதில்லை என்பதால் அவனும் விரல் விட்டுப் பார்க்கவில்லை.

பக்கத்து மாடியில் வடாம் காயப்போட வந்த ஆண்டாள் ஒருநாள் பார்த்துவிட்டு, "புருஷன் செடின்னா உனக்கு எம்மாம் அக்கறைடி!" என்றாள்.

"ஆமா" என்றாள் ஞானம்பாள். "அக்கறைதான்."

சொம்பைச் சாய்க்கும்போது அவள் கை ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை. நாலு வருஷம் மாமனாருக்கு வாயில் ஊட்டிய கை அது. குடு, குடு, நல்லாக் குடி என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினாள்.

தை பிறந்து தொட்டியை வெயிலுக்கு எடுத்துவைக்கப் போன தேவநாதன் கத்திய கத்தலில் தெரு திரும்பிப் பார்த்தது. முதல் செடியின் அடி, கனிந்து போன பப்பாளியைத் தொட்ட மாதிரி விரலோடு வந்தது. நாற்றம். ரெண்டாவதில் பாதி கெட்டியாக இருந்தது. அதைப் பிடுங்கி, சவரக் கத்தியால் அழுகலை வெட்டினான். பழுப்பு போய் வெள்ளைச் சதை தெரிகிற வரைக்கும் சீவிச் சீவி எடுத்தான். பால் வழிந்தது. கரித்தூளை அப்பி, கயிறு கட்டி, படிக்கட்டுக் கூரையில் தலைகீழாகத் தொங்கவிட்டான். செய்யும்போதே அழுதான். சத்தம் போட்டு, தோள் குலுங்க.

ஞானம்பாள் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பெற்ற தகப்பன் செத்ததற்கு வராத கண்ணீர்.

அவன் காலித் தொட்டியைக் கவிழ்த்தான். ஓட்டையில் களிமண் இருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "ஏன் இப்படிப் பண்ணே?"

"ஜைனாபு மட்டும்தான் தண்ணி ஊத்தலாமா? நான் ஊத்தக் கூடாதா?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கேட்காமலேயே சொன்னான். கலகத்துக்கு மறுநாள் மரியாமு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டு கிராமத்துக்குப் போய்விட்டாளாம். இவன் குஜராத்திக்காரரோடு ஒளிந்திருந்துவிட்டு நாலாம் நாள் மரியாமு இருந்த வீட்டுக்குப் போனானாம். வீடு பூட்டியிருந்ததாம். கிராமம் பத்து மைல். கப்பல் மறுநாள். வாசலில் இந்த ரெண்டும் இருந்தனவாம்.

"பத்து மைலு" என்றாள் ஞானம்பாள். "பத்து மைலு நடக்கல நீ."

பதினஞ்சு வருஷத்தில் புருஷனை அவள் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு மாற்றிக்கொள்ளவும் இல்லை.

"வழியெல்லாம் துப்பாக்கி வச்சினு..."

"அந்த வழியாத்தானே அவ புள்ளையத் தூக்கினு போயிருக்கா! செடியத் தூக்கினு வரக் கை இருந்துது. புள்ளையத் தூக்க உனக்குக் கை இல்ல. வாசல்ல இருந்ததப் புடுங்கினு வந்திருக்கறியே, அவ திரும்பி வந்து பாத்தா இன்னா நெனைச்சிருப்பா? நீ என்னைத்தான் வுட்டுட்டுப் போனேன்னு இம்மாம் நாளா எரிஞ்சினு இருந்தேன். நீ போற எடத்திலெல்லாம் இதான் பண்ணியிருக்கே!"

அன்றைக்கு அவளுக்கு வந்த கோபத்தில் அவளுடைய பங்கு பாதிதான். மீதி, முகம் தெரியாத அந்தப் பொம்பளைக்காக வந்தது. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நம் வாழ்க்கையில் மண்ணைப் போட்டவளுக்காக நாம் ஏன் கொதிக்கிறோம் என்று தன் மேலேயே ஆத்திரப்பட்டாள்.

"செடிய இனிமே நீ தொடாதே" என்றாள். "அது உன்னுது இல்ல. திருடினது."

இருபது நாள் கழித்து, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியதும், அவளே மணல் சலித்து அதை நட்டாள். ஒரு வாரம் தண்ணீர் விடவில்லை. அவன் செய்ததையெல்லாம் மூன்று வருஷம் பார்த்தவள்தானே. தன் கையால் கொல்லப் பார்த்ததைத் தன் கையால் பிழைக்கவைப்பதும் லேசாக இல்லை. மாசி முழுக்க அது மரக்கட்டையாகவே நின்றது. பங்குனி பிறந்து பத்தாம் நாள் உச்சிக் கொம்பில் எள் அளவு பச்சை தெரிந்தது. அவள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னாள்.

அவலூர்பேட்டையிலிருந்து அவள் அண்ணன் கோவிந்தராஜ் சமாதானம் பேச வந்தான். "ஆம்பளை, கடல் தாண்டிப் போன எடம், ஏதோ நடந்துபோச்சு. விட்டுத் தள்ளு ஞானம்."

"நான் இப்படி ஒண்ணு பண்ணியிருந்தா விட்டுத் தள்ளியிருப்பியாண்ணா?"

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். ஊருக்குக் கிளம்பிவிட்டான்.

பிறகு அவள் செய்ததுதான் தெருவுக்கே விளங்கவில்லை. புருஷனை உட்காரவைத்து மரியாமுவுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். எங்கே இருக்கிறாளோ, விலாசம் தெரியாது என்றான். சுந்தரமூர்த்தியிடம் ஆள் அனுப்பி, அந்தக் கிராமத்தின் பேரை வாங்கினாள். அந்த ஊர்ப் பாஷையில் எழுதத் தெரியாது என்றான். "பேசத் தெரிஞ்சிதா? அப்ப எழுது" என்றாள். எழுதினான். ஆறு மாதம் கழித்து முத்திரை மேல் முத்திரை குத்தித் திரும்பி வந்தது. மறுபடி எழுதவைத்தாள். அதுவும் திரும்பியது. மூன்றாவது திரும்பவில்லை.

1968 ஐப்பசியில் பதில் வந்தது. யாரையோ வைத்து இங்கிலீஷில் எழுதியிருந்தது. ஹைஸ்கூல் வாத்தியார் துரைக்கண்ணு கடைக்கு வந்து படித்தார். வாய்விட்டுச் சொல்லும் முன்பே அவருக்கு வேர்த்தது.

"நாலு வரிதான்மா. புள்ளை ஸ்கூலுக்குப் போவுதாம். வேற ஒருத்தரைக் கட்டிக்கிட்டாங்களாம், அவர் நல்லவராம். புள்ளைகிட்ட அப்பா கலகத்துல செத்துட்டாருன்னு சொல்லி வச்சிருக்காங்களாம். இனிமே எழுத வேணாமாம்."

தேவநாதன் மூலையிலிருந்து, "அவ்வளவுதானா?" என்றான்.

"இன்னும் இன்னா வேணும் உனக்கு?" என்றாள் ஞானம்பாள். வாத்தியாரைப் பார்த்து, "ரோஷக்காரிதான் அவ" என்றாள். அந்தக் குரலில் இருந்தது பொறாமையா மரியாதையா என்று வாத்தியாருக்குப் புரியவில்லை.

அன்று சாயங்காலமே தேவநாதனின் தகரப்பெட்டியும் பாயும் கடைக்குப் பின்னாலிருக்கும் சரக்கு அறைக்குப் போயின. "நான் எங்க போவேன் ஞானம்?" என்று படியில் நின்று கேட்டான்.

"போவறதுக்கு உனக்குச் சொல்லிக் குடுக்கணுமா?"

அதற்குப் பிறகு அவன் அந்தச் சரக்கு அறையில்தான் இருந்தான். கணக்கு எழுதினான். வேளாவேளைக்கு வீட்டிலிருந்து சோறு போயிற்று. அடுத்த மழைக்காலத்தில் அவனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஆண்டாள் வந்து, "கொஞ்ச நாளைக்காவது வூட்டுக்குக் கூப்புட்டுக்கோடி, பாவம்" என்றாள். ஞானம்பாள் டாக்டரை அனுப்பினாள். புழுங்கலரிசி நொய்யைத் தானே கஞ்சி வைத்து, உப்பு பார்த்து, சூடு ஆறாமல் கொடுத்தனுப்பினாள். காய்ச்சல் இறங்குகிற வரைக்கும் தினம் ரெண்டு வேளை அப்படிச் செய்தாள். வீட்டுப்படி ஏற மட்டும் விடவில்லை.