தலை தட்டிய உழக்கு

என் அதிரசத்தை யாராவது குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். அப்படிப்பட்ட என்னிடம் ஜெர்மனியில் இருக்கும் என் நாத்தனார் போனில், "மதினி, நீங்க குடுத்த கணக்குல சுட்டது கல்லு மாதிரி இருக்கு" என்றாள். ஏழு மாதக் கர்ப்பிணி என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

பாவம், அவளால் எங்கள் ஊர் கம்பத்துக்கு வர முடியவில்லை. விமானம் ஏற வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கேயே தோழிகள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வைத்திருந்தார்கள். தட்டில் நம் வீட்டு அதிரசம் இருந்தே ஆக வேண்டுமென்று அவளுக்குப் பிடிவாதம். என் கையில் இருப்பது அரிசி அளக்கும் உழக்கு, அவளிடம் இருப்பது கிராம் காட்டும் தராசு. என் கணவரின் ஏலக்காய்க் கடைத் தராசை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, ஓர் உழக்கு மாவு, ஓர் உழக்கு வெல்லம் என்று தனித்தனியாக எடை போட்டு அனுப்பியது நான்தான்.

"அந்த ஊரு அரிசி சரியில்ல" என்றேன். தண்ணீரையும் திட்டினேன். கடைசியில் அவளுடைய அடுப்பையும் விடவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். நீங்க செய்யுங்க, நான் பாக்குறேன்" என்றாள். அன்று வியாழக்கிழமை. மாவு ஊற இரண்டு நாளாவது வேண்டும். மாவு கிளற அவளுக்குக் கிடைத்திருந்தது அந்த ஒரு நாள்தான்.

போனை மிக்சியில் சாய்த்து வைத்துவிட்டு ஆரம்பித்தேன். ஈர மாவு இரண்டு உழக்கு. அடுத்து வெல்லம்.

"இருங்க மதினி! அது என்ன, கோபுரமா?"

குனிந்து பார்த்தேன். மாவை விரலால் வழித்துத் தலை தட்டிய அதே கை, வெல்லத்தை விளிம்புக்கு மேலே குவித்து வைத்திருந்தது.

"தராசுல வச்சப்ப இப்படியா வச்சீக?"

இல்லை. தராசு முன்னால் உட்கார்ந்ததும், எடை அளவு ஆபீசர் எதிரே நிற்பதுபோல எனக்கு ஒரு நேர்மை வந்துவிட்டது. கத்தியின் முதுகால் வழித்து எடை போட்டேன். நல்ல காரியத்துக்கு இனிப்பு செய்யும்போது எங்கள் வீட்டில் வெல்லத்தைத் தலை தட்ட மாட்டோம். இத்தனை வருஷம் அதையேதான் செய்திருக்கிறேன், செய்கிறேன் என்றுதான் தெரியவில்லை. இன்னும் கடைக்குத் திரும்பாமல் கிடந்த தராசில் குவியலோடு வைத்தேன். எழுபது கிராம் கூடுதல்! அவ்வளவு வெல்லம் குறைந்தால் அதிரசம் கல்லாகத்தான் ஆகும்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னடி இளிப்பு?" என்று கத்தினேன். ஆனால் சிரிப்பு எனக்கும் அடங்கவில்லை. அந்தப் பெண் கேட்காமல் இருந்திருந்தால் ஜெர்மனி அரிசியைச் சாகும்வரை திட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

ஞாயிறு மத்தியானம் வீடியோ அழைப்பு வந்தது. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. இன்னும் ஒரு வளையல்கூடப் போடவில்லை.

"எப்படிடி வந்திருக்கு?"

கன்னம் உப்பியிருந்தது. மென்றுகொண்டே தலையை மட்டும் ஆட்டினாள். கண் கலங்கியிருந்தது. பின்னாலிருந்து அவள் கணவரின் குரல்தான் கேட்டது: "அக்கா, பன்னெண்டுதான் சுட்டா. பத்துப் பேரு வர்றாக. இப்பவே நாலு காலி. நீங்களாவது சொல்லுங்க."

எனக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது. சந்தோஷம்தான், வேறென்ன.

"அவ திங்கட்டும் தம்பி. வர்றவுகளுக்குக் கேக்கு வாங்கிக் குடுங்க."