டீ பெல் அடித்ததும்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அதுதான் என் முதல் வேலை. எனக்கு ஆஸ்பெர்கர் என்ற ஆட்டிச வகை இருப்பதால் கூட்டமும் இரைச்சலும் சீக்கிரம் களைப்பாக்கிவிடும். முதல் நாள் டீ பெல் அடித்ததும் தையல் மெஷின்கள் எல்லாம் நின்றன. பக்கத்து மேசை ராபியாக்கா, "வா கண்ணு, டீக்குப் போலாம்" என்றார். அந்த அமைதியை விட மனமில்லாமல், "வரலீங்க" என்றேன்.

அதன்பின் யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் பேசிச் சிரித்தபடி போவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தாங்க முடியாமல் அக்காவிடம் போய், "நான் வரமாட்டனுங்க. ஆனா டெய்லி கூப்பிடுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து தவறாமல் கூப்பிட்டார்.

இப்போது அக்கா பெருமாநல்லூரில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். பெல் அடித்தால், "வரலீங்க" என்று சொல்வதற்காக இன்னமும் நிமிர்ந்து பார்க்கிறேன்.